உலை அணைந்தும் அணையாத ஆட்டம்

ஜப்பானில் ரக்பி வேரூன்றிய கதை



நம் வீடுகளில் விளையாட்டு என்றால் முதலில் காற்பந்து, அதற்கடுத்துப் பூப்பந்து. இவ்விரண்டுக்கும் பிறகுதான் மற்றவை. ரக்பி என்று சொல்லிப் பாருங்கள். "அது வெள்ளைக்காரன் ஆட்டம்! ஒருவன்மேல் ஒருவன் விழுந்து புரளுகிற ஆட்டம்!" என்று பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேருக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும்.

ஆனால் ரக்பி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1921ஆம் ஆண்டில் 'மலாயா' என்ற பெயர் தாங்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பல் இங்கு வந்துபோனது. அந்தக் கப்பலைச் சேர்ந்தவர்கள் நினைவாக இரண்டு கிண்ணங்களைக் கொடுத்துச் சென்றார்கள். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. இரண்டும் ஒரே கப்பலில் வந்தவைதாம். காற்பந்து நம் லயத்து வாசல் வரை வந்தது. ரக்பியோ கல்லூரி, இராணுவம், போலீஸ் என்ற வட்டத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் அதிகமாக எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு விளையாட்டு ஓரிடத்தில் வேர் பிடிக்கிறது, இன்னோரிடத்தில் பிடிப்பதில்லை. இதற்கு என்ன காரணம்? பணமா? உடல் வாகா? அரசாங்க உதவியா? இந்தக் கேள்விக்கு ஜப்பான் நாட்டின் ரக்பிக் கதை நல்லதொரு பதில் சொல்கிறது. அந்தப் பதில் நம் தோட்டத் திடல்களுக்கும் பொருந்துவதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜப்பான் என்றதும் நம் பாட்டன் பாட்டிமார் பட்ட பாடு சிலருக்கு நினைவுக்கு வரும். மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாள் கடத்தியதையும், சயாம் இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களையும் நாம் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம். நான் சொல்லப் போவது அந்நாட்டுப் படைத்தலைவர்களின் கதையன்று. இரும்பு உலையில் வேலை செய்த தொழிலாளர்களின் கதை.

அது என்ன ஆட்டம்?

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். ஓர் அணிக்குப் 15 பேர். பந்து உருண்டையாக இராது, முட்டை வடிவில் இருக்கும். ஆட்டம் 80 நிமிடம். எதிரியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்துவிட்டால் 5 புள்ளி. இதற்கு 'டிரை' என்று பெயர். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளி. எதிரி தவறு செய்ததற்காகக் கிடைக்கும் தண்டனை உதை கம்பங்களுக்கு நடுவே சென்றால் 3 புள்ளி.

இந்த ஆட்டத்தில் ஒரு விந்தையான விதி உண்டு. கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். முன்னேற வேண்டுமானால் பந்தைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். ஆகவே முன்னே ஓடுகிறவன், பின்னே தன் தோழர்கள் வருகிறார்கள் என்று நம்பித்தான் ஓட வேண்டும். தனியாக ஓடுகிறவன் மாட்டிக்கொள்வான்.

'ஸ்கிரம்' என்று ஒன்று உண்டு. இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, தலையைக் குனிந்து, ஒருவரையொருவர் தள்ளுவார்கள். சேற்றில் மாட்டிக்கொண்ட லாரியைப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பக்கத்திலும் அதேபோல் ஆட்கள் நின்று தள்ளினால் எப்படியிருக்கும்? அதுதான் ஸ்கிரம்.

பேஸ்பால் நாட்டில் முட்டைப் பந்து

ஜப்பானியர்களுக்குச் சூமோ என்னும் மற்போர் பரம்பரைச் சொத்து. பேஸ்பாலோ அவர்களுக்கு உயிர். 1872இல் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தம் மாணவர்களுக்குப் பேஸ்பாலைக் கற்றுக்கொடுத்தார். 1915இல் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி தொடங்கியது. 1924இல் அதற்கென்றே கோஷியென் என்னும் பெரிய திடலைக் கட்டினார்கள். இன்றும் கோடைகாலத்தில் அப்போட்டி நடக்கும்போது நாடே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நாட்டில் ரக்பி எப்படி நுழைந்தது? அதுவும் ஓர் ஆசிரியரால்தான்! எட்வர்டு பிராம்வெல் கிளார்க் என்பவர் யோகோஹாமாவிலேயே பிறந்த ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுத் தோக்கியோவின் கெயோ கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தார். பேஸ்பால் பருவம் முடிந்ததும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மாணவர்கள் வேலையின்றிப் பொழுதைக் கழிப்பதைக் கண்டார். 1899இல், தம்மோடு கேம்பிரிட்ஜில் படித்த தனாக்கா கின்னோசுக்கே என்பவரின் துணையுடன் ரக்பியைக் கற்றுக்கொடுத்தார். 1901இல் கெயோ மாணவர்கள் யோகோஹாமாவிலிருந்த வெளிநாட்டவர் அணியுடன் மோதித் தோற்றார்கள். தோற்றாலும் ஆட்டத்தை விடவில்லை.

1918இல் வசேதா பல்கலைக்கழகமும் அணி அமைத்தது. 1922இல் கெயோவும் வசேதாவும் முதன்முறையாக மோதின. 1926இல் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1929இல் ஓசாக்கா அருகே ஹனசோனோ என்ற ரக்பித் திடல் திறக்கப்பட்டது. பள்ளிப் பேஸ்பாலுக்குக் கோஷியென் எப்படியோ, பள்ளி ரக்பிக்குப் பின்னாளில் ஹனசோனோ அப்படி ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆங்கிலச் சொற்கள் ஆகாதவை ஆயின. ரக்பிக்கும் ஜப்பானிய மொழியில் வேறு பெயர் சூட்டினார்கள். போர் முடிந்தபோது தோக்கியோ சாம்பல் மேடாகக் கிடந்தது. உண்ணச் சோறில்லாத அந்தக் காலத்தில், தீக்கிரையான ஒரு பள்ளி நிலத்தில், ரக்பி அன்பர்கள் தம் கைப்பணத்தைப் போட்டு ஒரு திடலை உருவாக்கினார்கள். அது 1947இல் திறக்கப்பட்டது. ரக்பிச் சங்கத்தை ஆதரித்து வந்த இளவரசர் சிச்சிபு 1953இல் மறைந்தபின் அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

ஆனாலும் இதுவரை நான் சொன்னதெல்லாம் படித்தவர்களின் கதை. பல்கலைக்கழகத்தோடு நின்றிருந்தால் ரக்பி அங்கேயும் ஒரு சிறு வட்டத்துக்குள்தான் அடங்கியிருக்கும். அந்த வட்டத்தை உடைத்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள்.

உலையும் அணியும்

ஜப்பானில் பெரிய ஆலைகள் தங்கள் தொழிலாளர்களுக்கு வேலை மட்டும் கொடுக்கவில்லை. வீடு, மருந்தகம், கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் கொடுத்தன. ஆலையின் பெயரில் அணிகள் அமைந்தன. பகலில் ஆலையில் வேலை, மாலையில் திடலில் பயிற்சி. வாசகர்களே, இது உங்களுக்கு எங்கோ கேட்ட கதைபோல் இருக்கிறதல்லவா? காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் நிறுத்துவிட்டு, மாலையில் தோட்டத்துத் திடலில் பந்தாடிய நம் அப்பாக்களின் கதையும் இதுதானே! நன்றாகப் பந்தாடுகிறவனுக்குத் தோட்டத்தில் வேலை கொடுத்துத் தம் அணிக்கு இழுத்துக்கொண்ட நிர்வாகங்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

அப்படிப்பட்ட ஆலை ஊர்களில் ஒன்றுதான் கமாய்ஷி. ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டிருக்கும் சிறிய ஊர். இரும்பும் மீனும்தான் அதன் பிழைப்பு. 1857இலேயே அப்பகுதியில் மேல்நாட்டு முறையில் உலை அமைத்து இரும்பு உருக்கினார்கள். இரும்பாலை இருந்ததாலேயே 1945இல் கடலிலிருந்து இரண்டு முறை பீரங்கிகளால் தாக்கப்பட்டது. மீண்டும் எழுந்தது. 1960களில் அங்கே 90,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள்.

1959இல் அந்த இரும்பாலையில் ரக்பி அணி தொடங்கப்பட்டது. தலைநகரின் பெரிய பல்கலைக்கழகங்களில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர்கள் ஒரு சிலரே அதில் இருந்தனர். மற்றவர்களில் பெரும்பாலோர் வடபகுதிக் கிராமங்களில் உயர்நிலைப்பள்ளி முடித்து நேரே ஆலைக்கு வந்த இளைஞர்கள். குளிரிலும் பனியிலும் வளர்ந்தவர்கள். இவர்களைத்தான் பின்னாளில் 'வடக்கத்து இரும்பு மனிதர்கள்' என்று நாடே அழைத்தது.

அக்காலத்தில் ஆலை அணிகளில் முதலிடம் பெற்ற அணியும், பல்கலைக்கழக அணிகளில் முதலிடம் பெற்ற அணியும் ஆண்டுதோறும் சனவரியில் தோக்கியோவில் மோதும். வெல்லும் அணியே அந்த ஆண்டின் ஜப்பான் வெற்றியாளர். 1979 தொடங்கி 1985 வரை, தொடர்ந்து ஏழு ஆண்டுகள், அந்தப் பட்டத்தைக் கமாய்ஷி இரும்பாலைத் தொழிலாளர்களே வென்றார்கள்! மாட்சுவோ யூஜி என்ற ஆட்டக்காரர் அந்த அணியின் மூளையாக விளங்கினார்.

ஆட்டம் பார்க்க ஊரே புறப்பட்டுத் தலைநகருக்குப் போகும். போகும்போது மீனவர்கள் தங்கள் படகுக் கொடிகளையும் எடுத்துச் செல்வார்கள். கடலில் நிறைய மீன் கிடைத்தால் கரை திரும்பும்போது பறக்கவிடும் வண்ணக் கொடிகள் அவை. தோக்கியோ அரங்கில் அந்த மீன்பிடிக் கொடிகள் பறந்தால், கமாய்ஷிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று பொருள். ஆலைக்காரன் ஆடினான், மீன்காரன் கொடி பிடித்தான். இப்படித்தான் ஓர் ஆட்டம் ஊரின் ஆட்டமாகிறது.

உலை அணைந்த நாள்

இரும்பு விலை எப்போதும் ஒரே நிலையில் இருக்குமா? இரப்பர் விலை இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கமாய்ஷியில் ஆட்குறைப்பு வந்தது. மக்கள் வேலை தேடி வெளியூர்களுக்குப் போனார்கள். 1989இல் பெரிய உலை அணைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எரிந்த நெருப்பு அன்றோடு நின்றது.

ரக்பி அரங்கில் கமாய்ஷியின் இடத்தை வேறொரு ஆலை அணி பிடித்தது. அது கோபே எஃகு ஆலையின் அணி. 1989 முதல் 1995 வரை அதுவும் ஏழு முறை தொடர்ந்து வென்றது. ஏழாம் முறை வென்ற இரண்டாம் நாள், 1995 சனவரி 17ஆம் தேதி, கோபே நகரையே நிலநடுக்கம் குலைத்துப்போட்டது.

அந்தக் காலக்கட்டம் ஜப்பானிய ரக்பிக்கே பொல்லாத காலம். 1993இல் தொழில்முறைக் காற்பந்து லீக் தொடங்கியது. பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடினார்கள். தொழில் மந்தத்தால் ஆலைகள் தங்கள் விளையாட்டு அணிகளை ஒவ்வொன்றாகக் கலைத்தன. 1995இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஜப்பான் நியூசிலாந்திடம் தோற்றது. எப்படித் தெரியுமா? 145க்கு 17! அந்தத் தோல்விக்குப் பின் ரக்பி என்று வாய்திறக்கவே பலருக்கு வெட்கமாயிற்று.

கமாய்ஷியில் என்ன நடந்தது? 2001இல் ஆலை அணி கலைந்தது. நம் ஊர்களில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? பழைய படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, "அந்தக் காலத்திலே..." என்று பெருமூச்சு விடுவோம். கமாய்ஷிக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. அதே ஆண்டில் அணியை ஊர்க் கழகமாக மாற்றினார்கள். 'கமாய்ஷி சீவேவ்ஸ்', அதாவது கமாய்ஷிக் கடலலைகள், என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஊர் மக்களும் கடைக்காரர்களும் ஆதரவு கொடுத்தார்கள். ஆலையும் முற்றாகக் கைகழுவிவிடாமல் துணை நின்றது. ஆனால் இப்போது அணி ஆலைக்குச் சொந்தமன்று, ஊருக்குச் சொந்தம்.

பெரிய பட்டம் எதையும் அந்தக் கழகம் வெல்லவில்லை. இருந்தாலும் சனிக்கிழமை மாலையில் பிள்ளைகள் பார்க்க ஓர் அணி இருந்தது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பது பத்தாண்டு கழித்துத் தெரிந்தது.

கடல் வந்த நாள்

2011 மார்ச் 11ஆம் தேதி பிற்பகலில் ஜப்பானின் வடகிழக்கை மாபெரும் நிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து ஆழிப்பேரலை வந்தது. கமாய்ஷியில் மட்டும் 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள்.

அவ்வூரின் உனோசுமாய் என்ற பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியும் ஓர் இடைநிலைப்பள்ளியும் கடலருகே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நிலம் ஆடியதும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் மேட்டுநிலம் நோக்கி ஓடினார்கள். அதைக் கண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் பின்தொடர்ந்தார்கள். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் நின்ற இடம் போதாது என்று தெரிந்ததும் இன்னும் மேலே ஏறினார்கள். இரண்டு பள்ளிகளையும் கடல் விழுங்கியது. ஆனால் அன்று பள்ளியில் இருந்து ஓடிய ஏறக்குறைய 600 பிள்ளைகளும் உயிர் தப்பினார்கள். ஆண்டுதோறும் பாடமாகவும் பயிற்சியாகவும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ரக்பிக் கழகத்து ஆட்டக்காரர்கள் அப்போது என்ன செய்தார்கள்? பந்தை ஓரமாக வைத்துவிட்டு நிவாரணப் பொருள்களைத் தோளில் சுமந்தார்கள். நடக்க இயலாத முதியவர்களைத் தூக்கிச் சென்றார்கள். அந்த அணியில் ஸ்கோட் ஃபார்டி என்ற ஆஸ்திரேலியர் ஆடிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிவிடலாம் என்று தூதரகம் வழிகாட்டியும் அவர் போகவில்லை, தங்கி உதவினார். பின்னர் ஆஸ்திரேலிய நாட்டு அணிக்கே தேர்வாகி 2015ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடினார்.

ஓர் ஊருக்கு விளையாட்டு அணி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் ஏது? தினமும் சேர்ந்து தள்ளிப் பழகிய தோள்கள், ஆபத்தில் சேர்ந்து தூக்கத் தயாராக இருந்தன.

உலகம் வியந்த மாலை

இனி நாட்டு அணியின் கதைக்கு வருவோம். 2015 வரை நடந்த ஏழு உலகக் கிண்ணப் போட்டிகளில் ஜப்பான் 24 ஆட்டங்கள் ஆடியிருந்தது. வென்றது ஒன்றே ஒன்று. அதுவும் 1991இல் சிம்பாப்வேயை. இரண்டு ஆட்டங்கள் சமநிலை. மற்ற 21ம் தோல்வி.

எடி ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பயிற்றுநர் வந்தார். "நம்மவர்கள் உருவத்தில் சிறியவர்கள், நம்மால் முடியாது" என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. உருவத்தில் சிறியவனுக்கு வேகமும் மூச்சும் ஆயுதம் என்றார். விடியற்காலை ஐந்து மணிக்கே பயிற்சி தொடங்கிவிடும். ஒரே நாளில் பலமுறை பயிற்சி. இருட்டில் எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்களுக்கு அந்த நேரத்தின் கனம் தெரியும்.

2015 செப்டம்பர் 19ஆம் தேதி இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவைச் சந்தித்தது. தென்னாப்பிரிக்கா இரண்டு முறை உலகக் கிண்ணம் வென்ற நாடு. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜப்பான் தோற்கும் என்பதே பேச்சாக இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் 32க்கு 29 என்று ஜப்பான் மூன்றே புள்ளி பின்தங்கி நின்றது. அப்போது ஒரு தண்டனை உதை கிடைத்தது. உதைத்தால் 3 புள்ளி, ஆட்டம் சமநிலை. அதுவே வரலாறு! பயிற்றுநரும் உதைக்கத்தான் விரும்பினார்.

தலைவர் மைக்கல் லீச் உதை வேண்டாம் என்றார். ஸ்கிரம் கேட்டார். சமநிலை வேண்டாம், வெற்றி வேண்டும் என்பது அதன் பொருள். தள்ளினார்கள், புரண்டார்கள், பந்தைக் கைமாற்றினார்கள். கடைசியில் கார்ன் ஹெஸ்கெத் என்பவர் மூலையில் பாய்ந்து பந்தைத் தரையில் பதித்தார். 34க்கு 32! முன்பின் தெரியாதவர்கள் அரங்கில் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

இந்த லீச் யார்? நியூசிலாந்தில் பிறந்தவர், தாயார் பீஜித் தீவுக்காரர். 15 வயதில் படிக்க ஜப்பானின் சப்போரோ நகருக்கு வந்தவர். 2013இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். "வெளியிலிருந்து வந்தவர்களை வைத்துத்தானே வென்றார்கள்" என்று அங்கேயும் முணுமுணுத்தவர்கள் உண்டு. 2019இல் ஜப்பானின் 31 பேர் கொண்ட அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்களே. அந்த அணி 'ஒன் டீம்', அதாவது ஒரே அணி, என்பதையே தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. அந்த ஆண்டில் நாடெங்கும் அதிகம் பேசப்பட்ட சொல்லாகவும் அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. எங்கே பிறந்தாய் என்பதைவிட எங்கே வியர்வை சிந்தினாய் என்று கேட்கும் அணிக்குள் ஒற்றுமை வந்துவிடுகிறது. இந்த உண்மையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி இருந்த இடத்தில் திடல்

2019இல் உலகக் கிண்ண ரக்பிப் போட்டி ஆசியாவிலேயே முதன்முறையாக ஜப்பானில் நடந்தது. 12 திடல்களில் ஆட்டங்கள் நடந்தன. அவற்றுள் ஒன்று எது தெரியுமா? 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 32,000 பேர் மட்டுமே வாழ்ந்த அந்தச் சிறிய கமாய்ஷி!

கடல் விழுங்கிய அந்த இரண்டு பள்ளிகளும் நின்ற இடத்திலேயே திடலைக் கட்டினார்கள். 2018 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. முதலில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வீடிழந்து தற்காலிகக் குடியிருப்புகளில் கிடந்தவர்கள், "முதலில் வீடு கட்டுங்கள், பிறகு திடல் கட்டலாம்" என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பேசிப் பேசித்தான் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பிள்ளைகள் ஓடித் தப்பிய இடத்தில் பிள்ளைகள் மறுபடியும் ஓடியாட வேண்டும் என்பதே அந்த முடிவு.

2019 செப்டம்பர் 25ஆம் தேதி அங்கே பீஜியும் உருகுவாயும் மோதின. 14,000 பேர் கூடினார்கள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள், துன்பத்தில் உதவிய உலக மக்களுக்கு நன்றி கூறிப் பாடினார்கள். பழைய மீன்பிடிக் கொடிகள் மீண்டும் பறந்தன. யாரும் எதிர்பாராத வகையில் உருகுவாய் 30க்கு 27 என்று வென்றது. சிறிய ஊரில் சிறிய நாடு வென்றது பொருத்தம்தானே!

அங்கு நடக்கவிருந்த இரண்டாம் ஆட்டம், அக்டோபர் 13ஆம் தேதி நமீபியாவும் கனடாவும் மோதவிருந்த ஆட்டம், கடும் புயலால் நின்றுபோனது. ஆட வந்த கனடா ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? மண்வாரிகளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள்.

அதே நாள் மாலை யோகோஹாமாவில் ஜப்பான் ஸ்காட்லாந்தை 28க்கு 21 என்று வென்றது. அதற்கு முன்பே ரஷ்யாவையும் அயர்லாந்தையும் சமோவாவையும் வென்றிருந்தது. அயர்லாந்து, போட்டி தொடங்கியபோது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த நாடு. நான்கு ஆட்டம், நான்கு வெற்றி! ஆசிய நாடொன்று காலிறுதிக்குப் போனது அதுவே முதன்முறை. காலிறுதியில் தென்னாப்பிரிக்கா ஜப்பானை 26க்கு 3 என்று வீழ்த்தியது, பின்னர் கிண்ணத்தையும் வென்றது. ஆனாலும் அந்தப் போட்டிக்காக 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திடல்களை நிறைத்தார்கள்.

இதனால் ஜப்பான் பேஸ்பாலை மறந்துவிட்டதா? இல்லை. இன்றும் பேஸ்பால்தான் அங்கே அரசன். 2023 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் தன் பிரிவோடு வெளியேறியது. பிள்ளைகள் தொகை குறைந்துவருவதால், 15 பேரைத் தேற்ற முடியாமல் இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஓர் அணி அமைக்கும் நிலையும் அங்கு உண்டு. புதிய ரக்பி லீக் 2022இல் தொடங்கியபோது கமாய்ஷிக் கழகம் அதன் இரண்டாம் பிரிவில் இடம்பெற்றது. பழைய ஏழாண்டுப் பெருமை திரும்பவில்லை. ஆனால் அணி இருக்கிறது, திடல் இருக்கிறது, ஓடியாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் திடல் எங்கே?

வாசகர்களே, இந்தக் கதையை நான் ரக்பிக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதவில்லை. உங்கள் பிள்ளை ரக்பி ஆடினாலும் சரி, காற்பந்து, கபடி, பூப்பந்து ஆடினாலும் சரி. நான் கேட்பது வேறு.

நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. அப்போது வீட்டைக் கேட்டோம், இழப்பீட்டைக் கேட்டோம், கோயிலைக் கேட்டோம், பள்ளியைக் கேட்டோம். கேட்க வேண்டியவைதாம். திடலைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? தோட்டம் போனபோது தோட்டத்தின் பெயரில் இருந்த அணியும் போயிற்று. ஏன்? அணி நிர்வாகத்தின் கையில் இருந்தது, நம் கையில் இல்லை. அலமாரியில் இருந்த கிண்ணங்கள் எங்கே போயின என்றுகூடப் பல இடங்களில் தெரியவில்லை. இன்று தாமானிலும் அடுக்குமாடியிலும் வளரும் நம் பிள்ளைகள், மணிக்கணக்கில் வாடகை கொடுத்தால்தான் பந்தாடலாம். வாடகை இல்லாதவன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். சும்மா உட்கார்ந்திருக்கும் பையனை எந்தக் கூட்டம் தேடி வரும் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

கமாய்ஷியிலும் உலை அணைந்தது. ஆனால் அணி ஆலையோடு சாகும் முன் ஊர் அதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அது ஒன்றுதான்.

இன்னும் தோட்டத்தில் வாழ்பவர்களே! உங்கள் திடலும் அணியும் யார் பெயரில் இருக்கின்றன என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் கைமாறும் பேச்சு வந்தால், கோயிலோடும் பள்ளியோடும் திடலையும் பட்டியலில் எழுதுங்கள். தாமானுக்கு வந்துவிட்டவர்களே! பழைய தோட்டத்து ஆட்டக்காரர்கள் நான்கு பேரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு கழகம் அமையுங்கள். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையரிடம் கழகத்தைப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. பதிவுள்ள கழகம் நகராண்மைக் கழகத்திடம் திடல் கேட்கும்போது, அது தனி ஆளின் கெஞ்சலாக இராது. பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த இனமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள்.

ரக்பியில் ஆட்டம் முடிவதை ஜப்பானியர் இன்றும் 'நோ சைடு' என்றே சொல்கிறார்கள். இனி உன் பக்கம், என் பக்கம் என்று எதுவுமில்லை என்பது அதன் பொருள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த லயத்து மக்களுக்கு அந்தப் பண்பு புதிதல்ல. திடல் ஒன்று கிடைத்தால் நம் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்வார்கள்.